உங்கள் நடை யாருக்குச் சொந்தம்?



கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பதினேழு வயது மகன் பள்ளி விடுமுறைகளில் கடையில் வேலை செய்து காசு சேர்த்திருக்கிறானாம். அந்தப் பணத்தில் 'வி.ஆர். கண்ணாடி' வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "வாங்கித் தரலாமா? அது வீட்டையே படம் பிடிக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களே, உண்மையா? வீட்டில் பத்து வயதுப் பெண்ணும் இருக்கிறாள்" என்பது அவர் கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதி முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே இம்முறை இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கண்ணாடிக்கே.

பொருள் என்னவென்று தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. மெய்நிகர்க் கண்ணாடி என்று நாளேடுகளில் எழுதுகிறார்கள். கண்கள் இரண்டையும் மூடிக்கொள்ளும் ஒரு பெட்டி, தலையில் மாட்ட ஒரு பட்டை, இரு கைகளுக்கும் இரண்டு பிடிகள். முன்பெல்லாம் இதை ஒரு பெரிய கணினியோடு கம்பி போட்டு இணைக்க வேண்டும். 2019 மே மாதம் 'ஓக்குலஸ் குவெஸ்ட்' வந்தபிறகு, கம்பியும் இல்லாமல் கணினியும் இல்லாமல் தானே இயங்கும் பெட்டிகள் பரவத் தொடங்கின. கணினி அந்தப் பெட்டிக்குள்ளேயே அடக்கம். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 'குவெஸ்ட் 3' 2023 அக்டோபரிலும், அதன் மலிவுத் தம்பியான 'குவெஸ்ட் 3எஸ்' 2024 அக்டோபரிலும் வந்தன. டிக்டாக்கை உருவாக்கிய சீனத்து பைட்டான்ஸ் நிறுவனம் 2021-இல் 'பிக்கோ' என்ற கம்பெனியை வாங்கியது. அந்தப் பெயரிலும் பெட்டிகள் உண்டு.

விலை? 3எஸ் வெளிவந்தபோது அமெரிக்காவில் 299 டாலர் 99 காசு. அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 1,300 வெள்ளி. நம் நாட்டில் 2025-இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி என்பதை நினைத்துப் பாருங்கள்.

பார்க்காமல் எழுதுவது முறையல்ல என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு, கே.எல். சென்ட்ரலிலிருந்து மோனோரயிலில் இம்பி நிலையம் போனால், நடக்கும் தூரத்தில் லோயாட் பிளாசா. கணினிச் சாமான்களுக்கு இந்த வட்டாரத்தில் அதைவிடப் பேர்போன இடம் கிடையாது. கடைப் பையன் நல்ல பிள்ளை. "சார், கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, போட்டுப் பாருங்க" என்று தலையில் மாட்டிவிட்டான்.

என்ன சொல்வது! விண்வெளி நிலையத்துக்குள் மிதக்கிறேன். கைப்பிடியைப் பற்றித் தள்ளினால் உடம்பு நகர்கிறது. சன்னலுக்கு வெளியே பூமி உருண்டை. நாற்பதைத் தாண்டிய வாத்தியார் ஒருவர் கடை நடுவே நின்று காற்றில் நீச்சல் அடிப்பதை எத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்களோ, தெரியாது. எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைக் கோலாலம்பூரில் உள்ள தேசியக் கோளரங்கத்துக்கு அழைத்துப் போவதென்றால் பேருந்து, அனுமதிக் கடிதம், சாப்பாட்டுப் பொட்டலம் என்று ஒரு மாத ஏற்பாடு. இந்தப் பெட்டி அதை நாற்காலிப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இது வெறும் பொழுதுபோக்குச் சாமான் என்று யாரும் என்னிடம் இனி சொல்ல முடியாது.

கழற்றியபின், "தம்பி, இதில் இருக்கும் கேமராக்கள் பார்ப்பதெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேட்கறதில்ல சார்" என்றான்.

கேட்டால் என்ன? கேட்போம்.

பெட்டியின் வெளிப்புறத்தில் கேமராக்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் நீங்கள் அறையில் எங்கே நிற்கிறீர்கள், கை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது; சுவரில் போய் முட்டுவீர்கள். ஆகவே மாட்டியிருக்கும் நேரம் முழுவதும் அது அறையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். குவெஸ்ட் 3 போன்றவை சுவர், மேசை, சோபா எல்லாவற்றின் வடிவத்தையும் அளந்து வைத்துக்கொள்ளும். அந்த அறை வரைபடத்தை ஒரு விளையாட்டு கேட்டால், உங்கள் அனுமதி கேட்டுத்தான் கொடுக்கும் என்பது கம்பெனியின் ஏற்பாடு. கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கும் உட்புறக் கேமராக்கள் 2022-இல் வந்த விலை உயர்ந்த 'குவெஸ்ட் புரோ'வில் இருந்தன. கண்ணின் படம் பெட்டிக்குள்ளேயே கணக்கிடப்பட்டு அழிக்கப்படும் என்று கம்பெனி கூறியது. குவெஸ்ட் 3-இல் அவை கிடையாது. எனவே "வீட்டைப் படம் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது" என்ற அக்கம்பக்கத்துப் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

என் கவலை கேமராவைப் பற்றியது அல்ல.

அந்தக் காலத்துப் பெரட்டுக் களத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியாத இருட்டு. பனி. லயத்திலிருந்து ஆட்கள் வருவது நிழலாகத்தான் தெரியும். முகம் தெரியாது. ஆனால் மண்டோர் தூரத்திலேயே இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடுவார். எப்படி? நடைதான். ஒருவர் தோளைச் சாய்த்து நடப்பார், ஒருவர் காலை இழுத்து வைப்பார், ஒருவர் வாளியைப் பிடிக்கும் விதமே தனி.

மண்டோரின் அந்தக் கண் இந்தப் பெட்டிக்கு உண்டு. தலையும் இரு கைகளும் எங்கே, எப்படி அசைகின்றன என்பதை அது ஒரு நொடிக்குப் பலமுறை கணக்கெடுக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2020-இல் 511 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுக் கணக்கைக் கொண்டே, இது இன்னார் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் சொல்லியது கணினி. 2023-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். 'பீட் சேபர்' என்று ஒரு விளையாட்டு. பாட்டுக்கு ஏற்ப, வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்ட வேண்டும். அதை ஆடிய 55,000-க்கும் அதிகமானோரின் அசைவுகளைக் கணினிக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். பிறகு வெறும் 100 வினாடி ஆட்டத்தைக் காட்டி, "யார் இது?" என்று கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு தடவை சரியான ஆளைக் காட்டியது. ஒரு சிறு பட்டணத்து மக்கள் தொகைக்குள் ஒருவரை, முகமும் பெயரும் இல்லாமல், கை வீச்சைக் கொண்டே பிடித்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவை மூடலாம், மைக்கை நிறுத்தலாம். அசைவை நிறுத்தினால் அந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. சங்கடம் இங்கேதான்.

நாம் கைரேகை கொடுத்துப் பழகியவர்கள். 1948-இல் அவசரகாலச் சட்டத்தின்போது வந்த அடையாளக் கார்டில் படமும் பெருவிரல் ரேகையும் இருந்தன. 2001-இல் வந்த மைகார்டின் சில்லுக்குள்ளும் ரேகை இருக்கிறது. அவையெல்லாம் அரசாங்கம் கேட்டுக் கொடுத்தவை. கேட்டது தெரியும், கொடுத்ததும் தெரியும். இங்கே நாமே காசு கொடுத்து, விளையாடிச் சிரித்துக்கொண்டே, கேட்டார்களா என்பதுகூடத் தெரியாமல் கொடுக்கிறோம். 2017 அக்டோபரில் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்தது தெரியவந்தது, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாட்டு மக்களே 3 கோடியே 20 லட்சம் பேர்தான்! பெயர், முகவரி, அடையாளக் கார்டு எண் எல்லாம் அதில் போயின. தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. நடையை யார் மாற்ற முடியும்?

அந்தக் கணக்கை மெட்டா தவறாகப் பயன்படுத்துகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் கம்பெனியின் பிழைப்பு எதில் என்று பார்க்க வேண்டும் அல்லவா? 2023-இல் அதன் வருமானம் 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. அதே ஆண்டில் இந்தக் கண்ணாடிகளைச் செய்யும் பிரிவு 1,600 கோடி டாலருக்கு மேல் நட்டம். நம் ஊர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் நட்டத்துக்கு விற்றால், "இவர் வேறு எதிலோ எடுக்கப் பார்க்கிறார்" என்று சொல்லமாட்டோமா?

வாங்குபவர்கள் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. 2014-இல் பேஸ்புக் ஓக்குலஸை 200 கோடி டாலருக்கு வாங்கியபோது, கண்ணாடியைப் பயன்படுத்த பேஸ்புக் கணக்கு தேவைப்படாது என்று ஓக்குலஸை நிறுவியவரே சொன்னார். 2020 அக்டோபரில் குவெஸ்ட் 2 வந்தபோது பேஸ்புக் கணக்கு கட்டாயமாகிவிட்டது! ஜெர்மனியில் எதிர்ப்பு வலுத்தது. அங்கே விற்பனை 2020 செப்டம்பரிலேயே நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் போட்டி ஒழுங்கு அலுவலகம் விசாரணையும் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் கம்பெனி இறங்கிவந்து, பேஸ்புக்கோடு சேராத தனி 'மெட்டா கணக்கு' போதும் என்றது. இன்று உங்கள் மகன் பேஸ்புக் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்க முடிவது அதனால்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2010-இல் இயற்றி 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2024-இல் அதைத் திருத்தினார்கள். 2025-இல் படிப்படியாக அமலானது. உடற்கூறும் நடத்தைப் பண்பும் சார்ந்த அடையாளத் தரவு இப்போது கூடுதல் காப்புக்குரிய தரவாகிவிட்டது. தண்டத்தின் உச்சம் மூன்று லட்சம் வெள்ளியிலிருந்து பத்து லட்சமாயிற்று. நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தில், நாட்டுக்கு வெளியே கையாளப்பட்டு, இங்கே திரும்பக் கையாளும் நோக்கமில்லாத தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றும் இருக்கிறது. பெட்டி கிள்ளானில், கணக்கு எங்கோ ஒரு தேசத்தில் என்றால் வழக்கறிஞர்களுக்குத்தான் வேலை.

சரி, அம்மா, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மகன் தன் உழைப்பில் வாங்குகிறான், பதினேழு வயது. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுக்குமுன் உத்தரவாதம் யாருடையது, தயாரித்தவருடையதா கடைக்காரருடையதா என்று ரசீதில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். கணக்கை அவன் பெயரில், இதற்கென்றே திறந்த ஒரு மின்னஞ்சலில் தொடங்கட்டும். பேஸ்புக்கோடும் இன்ஸ்டாகிராமோடும் இணைக்கச் சொல்லிக் கேட்கும், இணைக்க வேண்டாம். கூடுதல் தரவைப் பகிரலாமா என்று கேட்கும் இடத்தில் மூடி வைக்கட்டும். அறை வரைபடம், மைக் இரண்டையும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே யோசித்துக் கொடுக்கட்டும். படுக்கையறையிலும் குளித்துவிட்டு வருபவர் நடமாடும் இடத்திலும் போடவே கூடாது. கூடத்தில், அதுவும் வீட்டார் அறிந்து. அவன் பார்ப்பதைக் கைத்தொலைபேசித் திரையிலும் காட்டலாம். அந்த வசதி இருப்பது உங்களுக்குத் தெரியும் என்பதை அவனும் அறிந்திருப்பது நல்லது.

தங்கை விஷயத்தில் நான் கண்டிப்பு. கம்பெனி 2023-இல் பெற்றோர் கணக்கின்கீழ் பத்து வயதுக்கே அனுமதி என்று இறக்கிவிட்டது, அதற்குமுன் பதின்மூன்று. கம்பெனி இறக்கினால் நாமும் இறக்க வேண்டுமா? அரைக் கிலோ பெட்டி அந்தப் பிஞ்சுக் கழுத்துக்குப் பாரம் என்பது ஒருபுறம். பத்து வயதிலிருந்தே அவள் உடம்பின் அசைவுக்கணக்கு வெளியார் ஏட்டில் ஏறுவது மறுபுறம். பதின்மூன்றுவரை வேண்டாம். தீபாவளிக்கு வரும் அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று மாட்டிப் பார்ப்பதையும் பெற்றவர்களைக் கேட்காமல் அனுமதிக்காதீர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் சம்மதம் சொல்ல முடியாது.

இன்னொன்று. பையன்களுக்கு ஓராண்டில் சலித்துவிடும், விற்கப் பார்ப்பார்கள். பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் பெட்டிதான் காலியாகும். கணக்கில் சேர்ந்தவை கம்பெனியிடமே இருக்கும். அவற்றையும் நீக்க வேண்டுமானால் கணக்கையே அழிக்க வேண்டும். அழித்தால் அதில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் கூடவே போய்விடும். இதை வாங்குவதற்கு முன்பே மகனிடம் சொல்லிவிடுங்கள். என்ன பதில் சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.