மாறுகண்ணுக்கு எந்த எண்?

தடாவில் ஒருவர் மாறுகண் என்பதை அடுத்தவர் மெல்லகன்னு என்பார். பேச்சில் இரண்டும் ஒன்றே. மருத்துவத்தில் அப்படியன்று. பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம், நரம்புச் செயலிழப்பால் கண் விலகுவதை எச் 49 எனவும், ஏனைய மாறுகண்களை எச் 50 எனவும் பிரித்து வைத்திருக்கிறது.

ஐம்பது வயதில் திடீரென இரட்டைப் பார்வையோடு வருபவருக்கு ஆறாம் மூளை நரம்பு செயலிழந்திருக்கலாம். அது எச் 49.2. பின்னணியில் நீரிழிவு இருக்கக்கூடும், மண்டைக்குள் உயர்ந்த அழுத்தமும் இருக்கக்கூடும். மூன்று வயதுக் குழந்தையின் கண் உள்நோக்கித் திரும்பியிருந்தால் அது பெரும்பாலும் எச் 50.0. முன்னவருக்குக் காரணத்தைத் தேடவேண்டும். குழந்தைக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணை மறைத்துத் தரும் பயிற்சியும், தேவைப்பட்டால் அறுவையும் வேண்டும். புறநோயாளர் பதிவேட்டில் இருவரும் ‘ஸ்க்விண்ட்’ என்ற ஒரே சொல்லாக முடிந்தால், அந்தப் பதிவேட்டைக் கொண்டு எந்த ஆய்வும் செய்ய இயலாது.

குறை பதிவேட்டில் மட்டுமில்லை, வகைப்பாட்டிலும் உண்டு. எச் 49 முதல் எச் 52 வரை ஒரே தொகுதி. கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் அதன் கடைசிப் பிரிவில் அடக்கம். தொகுதி அளவில் கூட்டிச் சொல்லும் எந்த அறிக்கையிலும் கண்ணாடி தேவைப்படுவோரின் பெருங்கூட்டத்தில் மாறுகண் மூழ்கிப்போகும். மாறுகண்ணின் விளைவான சோம்பற்கண்ணோ அத்தொகுதிக்கு வெளியே, எச் 53.0-இல் நிற்கிறது. ஒரு குழந்தைக்கு இரண்டு எண்களும் எழுதப்பட வேண்டும். பதிவேட்டில் இருப்பதோ பெரும்பாலும் ஒரே கட்டம்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) பட்டியலிட்ட முப்பது நிலைகளில் பிறவிக் கண்புரை உண்டு, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் உண்டு; மாறுகண்ணுக்குத் தனி வரிசை இல்லை. ‘பார்வைக் குறைபாடு’ என்பதற்குள் அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று பாட்டிமார் தேற்றும் ஊர்களில் இந்த விடுபடல் சிறிய விஷயமன்று. ஏழெட்டு வயதுக்குப் பின் சோம்பற்கண்ணுக்கான சிகிச்சையின் பலன் குறைந்துகொண்டே போகும்.

இங்கே ஒரு முரணும் உண்டு. தடாவிலிருந்து புறநகர் ரயில் சென்று சேரும் சென்னையில், ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் அமெரிக்க நோயாளர் கோப்புகளுக்குக் குறியீடு இடுகிறார்கள். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் பதிப்பில் வலக்கண்ணின் ஆறாம் நரம்புச் செயலிழப்பு எச் 49.21, இடக்கண்ணுடையது எச் 49.22. அங்கே எண் தவறினால் காப்பீட்டுப் பணம் நிற்கும். ஆகவே துல்லியம் பிறக்கிறது. நம் புறநோயாளர் சீட்டுக்கு அத்தகைய நிர்ப்பந்தம் இல்லை.

நெரிசல் மிகுந்த சிகிச்சையகத்தில் மருத்துவர் எண்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானது. மருத்துவர் எண் எழுத வேண்டியதில்லை. எந்தக் கண், எத்திசை, அசைவு தடைப்படுகிறதா, எப்போது தொடங்கியது என்ற நான்கு விவரங்களை எழுதினால் போதும். எண்ணைப் பயிற்சி பெற்ற எழுத்தர் பின்னர் இடலாம். அவை இல்லையெனில் எழுத்தருக்கு மிஞ்சுவது எச் 50.9, ‘குறிப்பிடப்படாத மாறுகண்’ மட்டுமே. பள்ளிப் பரிசோதனையில் கண்டறியப்படும் தடாக் குழந்தை சிகிச்சைக்குத் திருப்பதிக்கும் போகலாம், மாநில எல்லை தாண்டிச் சென்னைக்கும் போகலாம். எங்கே போனாலும் அந்த நான்கு விவரங்களும் சீட்டில் உடன் செல்ல வேண்டும்.