தரகன் ஒழிந்துவிட்டானாம்!

“இனி உங்களுக்குத் தரகன் தேவையில்லை. கையில் போன் இருக்கிறது. அதுவே கடை, அதுவே விளம்பரம்!” சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் பெண்களைக் கூட்டிவைத்து இப்படி ஒரு உபதேசம் நடந்தது. நாமும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். பேஸ்புக்கில் பக்கம் திறங்கள், இன்ஸ்டாகிராமில் படம் போடுங்கள், பணம் தானாக வரும் என்றார்கள். டீயும் வடையும் கொடுத்தார்கள்.

தரகன் ஒழிவதில் நமக்கு ஆட்சேபணையா? நூலைக் கொடுத்துச் சேலையை வாங்கிக்கொண்டு கூலியில் கைவைக்கும் ஆசாமிகளிடமிருந்து நெசவாளியை மீட்கத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1935ல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. போனில் சேலை விற்று நாலு காசு பார்க்கும் சகோதரிகள் இருக்கிறார்கள் என்பதும் வாஸ்தவம். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தரகன் ஒழிந்தான் என்பது சுத்தப் பொய். அவன் ஊரைவிட்டுக் கிளம்பி கலிபோர்னியாவில் குடியேறியிருக்கிறான், அவ்வளவுதான்!

கணக்கைப் பாருங்கள். பேஸ்புக் கம்பெனி 2012ல் இன்ஸ்டாகிராமை விலைக்கு வாங்கியது. 2014ல் வாட்ஸ்அப்பை வாங்கியது. மூன்றுக்கும் இன்று முதலாளி மெட்டா என்ற ஒரே ஏகபோகம். 2024ல் அதன் வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 16,000 கோடிக்கு மேல் விளம்பரக் கட்டணம். இலவசக் கடையில் கல்லா இப்படி நிறைந்தது எப்படி?

முதலில் இலவசமாக இடம் கொடுத்தார்கள். சிறு வியாபாரி அரும்பாடுபட்டு ஆயிரம் பேரைச் சேர்த்தார். பிறகு, அவர் போடும் படம் அந்த ஆயிரம் பேரில் சிலருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது. இப்படிக் குறைந்து வருவதை 2014ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மற்றவர்களுக்கும் காட்ட வேண்டுமா? காசை எடு! அதற்கும் நிலையான விலை கிடையாது, ஏலம். தீபாவளி சமயத்தில் பட்டணத்து ஜவுளி மாளிகைகளும் அதே ஏலத்தில் நிற்கின்றன. ஐந்நூறு ரூபாயோடு வரும் சின்னாளப்பட்டிப் பெண் அங்கே என்ன செய்வார்?

ஊர்த் தரகனிடமாவது திண்ணையில் போய் நின்று சண்டை போடலாம். “கணக்கை முடக்கிவிட்டால் யாரிடம் போவது சார்?” என்று முகாமில் ஒரு அம்மாள் கேட்டார். பேச வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கேள்வி நியாயமானது. 2021 அக்டோபர் 4 அன்று மூன்று கடைகளும் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுவதும் படுத்துவிட்டன. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது (தடை சரியா தவறா என்பது வேறு விஷயம்) அதை நம்பி வாடிக்கை பிடித்தவர்கள் ஒரே இரவில் கைவிடப்பட்டார்கள்.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வாங்கியவரின் பெயரும் விலாசமும் நம்பரும் உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும். தனித்தனியாக ஏலத்தில் நிற்காமல் சங்கமாகச் சேர்ந்து ஒரே பெயரில் விற்றுப் பாருங்கள். கணக்கை முடக்கினால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் ஐரோப்பிய யூனியனில் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. அதே கண்டிப்பை இங்கும் காட்டச் சர்க்காருக்குத் துணிச்சல் உண்டா? அடுத்த முகாமுக்கு வருகிறவர்கள், அந்த அம்மாளுக்குப் பதிலைக் கொண்டுவரட்டும்.