யாரிடமிருந்து கேட்டாய்?



ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா என மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் பேராதனைக்கும் ஒலுவிலுக்கும் நம் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குச் செல்கின்றனர். இறுதியாண்டில் ஆய்வேடு எழுதும் வேளை வருகிறது. 2022 நவம்பரில் வெளிவந்த சட் ஜிபிடியும் அதுபோன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் மாதக்கணக்கான அவ்வேலையைச் சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடுகின்றன. இது கூடுமா என்று பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கின்றனர்.

நமது முன்னோரான முஹத்திஸ்கள் ஒரு செய்தி வந்தால், "இதை யாரிடமிருந்து கேட்டாய்?" என்றே முதலில் வினவினர். ஹிஜ்ரி 181இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் இஸ்னாதை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். ஆய்வேட்டில் அடிக்குறிப்பு என்பதும் ஒருவகை இஸ்னாத்தானே!

அந்தக் கருவிக்கோ இஸ்னாத் இல்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்தே அது எழுதுகிறது. ஆதாரம் கேட்டால் இல்லாத நூலுக்கும் பெயரும் பக்க எண்ணும் தந்துவிடும். 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் சிலர் அது புனைந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து, 5,000 டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது.

தோட்ட மக்களின் பிரஜாவுரிமை பற்றி ஒரு மாணவி ஆய்வு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இவற்றை விளங்கிக்கொள்ளவும், எழுதிய வசனத்தின் பிழை பார்க்கவும், பல்கலைக்கழக விதி இடமளித்தால் கருவியின் உதவியை நாடலாம். சட்டத்தின் வாசகத்தை மட்டும் அவளே மூலத்தில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் பதிவுக் கடதாசியோடு அலைந்த நாட்களை லயத்து மூதாட்டி சொல்ல, அவள் நேரில் அமர்ந்துதான் கேட்க வேண்டும். அந்த நேர்காணலைக் கருவியிடம் எழுதி வாங்கினால், பேசாத தாயின் வாயில் பேச்சைத் திணித்தவளாவாள். அது வெறும் களவன்று, பொய்ச் சாட்சியம். ஒரு காலத்தில் நாடே இல்லையென்று எழுதப்பட்டவர்களுக்கு இப்போது குரலும் இல்லாமற் போய்விடும்.

ஆகவே மாணவர்களே, மேற்பார்வையாளரை உஸ்தாதாக மதியுங்கள். கடைசி மாதம் வரை ஒளிந்து திரியாமல், அரைகுறையாயினும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் உரிய காலத்தில் காட்டுங்கள். கருவியை எங்கே, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை அவரிடமும் ஆய்வேட்டிலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கண்ணால் காணாத நூலை அடிக்குறிப்பில் இடாதீர்கள். களக்குறிப்புகளையும் முதல் வரைவுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோரே, "எப்போது முடிப்பாய்?" என்று மட்டும் பிள்ளையை நெருக்காதீர்கள், "யாரிடம் கேட்டாய்? என்ன சொன்னார்கள்?" என்றும் கேளுங்கள்.

இல்ம் ஓர் அமானத். அதை நேர்மையோடு சுமக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.