குற்றவாளியா, சுற்றவாளியா?

பயணச்சீட்டின்றிப் புகையிரதத்தில் அகப்பட்டு நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டவனுக்கு மலையகத்தில் வழங்கப்படும் அறிவுரை ஒன்றே: தண்டத்தைக் கட்டிவிட்டு வந்துவிடு. தோட்டத் தலைவரும் அதையே சொல்வார். கணக்கப்பிள்ளையும் அதையே சொல்வார். ஒரு நாள் வேலை போகும், பஸ்ஸுக்குக் காசு, சட்டத்தரணிக்குக் காசு, வழக்குத் தவணை போட்டால் மறுபடியும் அத்தனையும் என்று கூட்டிப் பார்த்தால் தண்டமே மலிவு என்பது அவர்தம் கணக்கு. இக்கணக்குப் பிழையானது. பிழையானது மட்டுமன்று, ஒரு சமூகத்தையே குனிந்து நிற்கப் பழக்குவதுமாகும்.

குற்றவாளி, சுற்றவாளி என்னும் இரு சொற்களுக்குமிடையே எழுத்தளவில் உள்ள வேறுபாடு ஒன்றே. நீதிமன்றத்தில் அவ்வோரெழுத்தின் விலை மிகப் பெரிது. 'குற்றவாளி' என்று கூறியவன் தனக்கெதிரான சாட்சியத்தைத் தானே அளித்துவிடுகிறான். அதன்பின் வழக்குத் தொடுநர் எதனையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பரிசோதகர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை. பயணச்சீட்டு வழங்கும் யன்னல் அவ்வேளை திறந்திருந்ததா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. மேன்முறையீட்டு வாயிலும் பெரும்பாலும் அடைபட்டு விடுகின்றது. சில நிமிடங்களில் யாவும் முடிகின்றன. அவ்விரைவைத்தான் மலிவு என்று எண்ணி மயங்குகின்றனர்.

தெமோதரை நிலையத்தைக் காணச் செல்வோர் அதன் பொறியியல் விந்தையையே வியந்து பேசுவர். நிலையத்தைவிட்டு நீங்கும் இருப்புப்பாதை மலையைச் சுற்றித் தாழ்ந்து, அந்நிலையத்துக்கு நேர்கீழே குடையப்பட்ட சுரங்கத்தினூடாகத் தன்னைத் தானே கடந்து, உடுவரை, ஹாலிஎல வழியே பதுளையை நோக்கிச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. 1894இல் பண்டாரவளையை எட்டிய பாதை பதுளையை எட்டியது 1924இல். வெள்ளைத் துரைத்தனம் இவ்விந்தையை யாருக்காக நிகழ்த்திற்று என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. 1867இல் கண்டிக்கு வந்த பாதை கோப்பிக்காக வந்தது. ஊவாவுக்கு நீண்ட பாதை தேயிலைக்காக நீண்டது. கொழுந்து பறித்தவள் அப்பாதையில் பயணி ஆனது பின்னரே.

அவளுடைய முன்னோரின் முதற் பயணச்சீட்டு எது என்று கேட்பின் விடை வியப்பூட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து கொணரப்பட்டோர்க்குத் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கங்கள் பொறித்த தகரவில்லை வழங்கப்பட்டது. அதனைக் காட்டினால் வழிச்செலவைத் தோட்டம் ஏற்கும். ஏற்ற செலவு தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறும். ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டு நீங்கினால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம். கடன்பட்டவனும் கள்வனும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்ட காலம் அது. துண்டு முறையும் தொழிலாளர்க்கெதிரான அத்தண்டனை ஏற்பாடுகளும் 1921இற்றான் நீக்கப்பட்டன. கொடுக்கவேண்டிய பணத்தைக் கொடாமை எப்போது கடன், எப்போது குற்றம் என்னும் வினா மலையகத்துக்குப் புதியதன்று என்பதற்காகவே இப்பழங்கதை ஈண்டுக் கூறப்படுகின்றது.

கட்டணம் கொடாது ஏறுபவன் கொடுத்து ஏறுபவனின் தோளிலன்றோ பயணஞ் செய்கிறான் என்று மறுப்பர். மெய்யே. நட்டத்தில் ஓடும் புகையிரதத் திணைக்களம் மோசடிக்காரனைத் தண்டியாது விடவேண்டும் என்று எவரும் வாதிடவில்லை. ஆனால் கையிற் சீட்டில்லாமை ஒன்று, கட்டணத்தை ஏய்க்கும் நோக்கம் வேறொன்று. சிறு நிலையத்தில் யன்னல் திறக்குமுன் வண்டி வந்துவிடுகின்றது. முந்தானையில் முடிந்த சிறு அட்டை நெரிசலில் விழுந்துவிடுகின்றது. மூன்றாம் வகுப்புச் சீட்டோடு வந்தவள் கூட்டத்தால் இரண்டாம் வகுப்பு வாயிலில் தள்ளப்படுகிறாள். எழுத்தறியாத முதியவர் நேற்றைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து காட்டுகிறார். இவர்களையும், ஆண்டு முழுவதும் திட்டமிட்டு ஏய்ப்பவனையும் ஒரே வரியில் நிறுத்தி ஒரே தொகையைக் கூறுவது நீதியாகாது.

அத்தொகையும் எல்லோர்க்கும் ஒரே பாரமன்று. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்ட வேளையில், சீட்டின்றிப் பிடிபட்டவர்க்கு விதிக்கப்பட்ட தண்டம் 3,000 ரூபாவும் கட்டணத்தின் இருமடங்குமாகும். மூன்று நாட் கொழுந்து. அரைப்பேர் போடப்படும் நாளாயின் ஆறு நாட் கொழுந்து. எல்லவுக்குச் செல்லும் உல்லாசப் பயணிக்கோ அது ஓர் இராப்போசனம். அதே எல்லப் பாதையின் ஆசனச் சீட்டுகளை மொத்தமாக அள்ளிக் கறுப்புச் சந்தையில் விற்றமை தொடர்பில் 2025இன் தொடக்கத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைதுகளை மேற்கொள்ள நேர்ந்தது. சீட்டில்லாத ஏழையைத் தேடிய கண்ணுக்குச் சீட்டை விற்றுக் கொழுத்தவன் புலப்பட எத்தனை காலம் சென்றது!

எதிர்த்து நின்றால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்போர் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். அங்கே 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வாயிலாக, சிறு குற்றங்களைத் தனியொரு நீதவான் திறந்த மன்றின்றிக் கடதாசிகளைப் பார்த்தே தீர்க்கும் நடைமுறை புகுத்தப்பட்டது. 2016இல் தனியார் புகையிரதக் கம்பனிகளுக்கும் அவ்வழி திறந்துவிடப்பட்டது. ஆனால் உபவிதிகளை மீறிய வழக்குகளுக்கு மட்டுமே அந்த அனுமதி. கம்பனிகள் செய்தது யாது? கட்டணத்தை ஏய்க்கும் நோக்கத்தைக் குற்றத்தின் கூறாகக் கொண்ட 1889ஆம் ஆண்டுப் புகையிரத ஒழுங்காக்கச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு வழக்குகளையும் அதே குறுக்கு வழியில் தள்ளின. நோக்கத்தை நிரூபிக்கவேண்டிய வழக்கு, எவரையும் விசாரியாமலே முடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தண்டத்தைக் கட்டினர். 'கட்டிவிட்டு வந்துவிடு' என்னும் ஞானம் ஆங்கிலேயரிடமும் உண்டு போலும். பத்திரிகையாளர் கிளறினர், ஆறு வழக்குகள் மாதிரியாக எடுக்கப்பட்டன. 2024 ஆகஸ்ட் 15இல் வெஸ்ட்மின்ஸ்டர் நீதவான் நீதிமன்றில் தலைமை நீதவான் போல் கோல்ட்ஸ்பிரிங் அவ்வழக்குகள் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியற்றவை என்று அறிவித்தார். அத்தீர்ப்பினால் ஏறத்தாழ 74,000 வழக்குகள் சரிந்தன. கட்டிய தண்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே நோக்கவேண்டியது, அப்பயணிகளிடம் சீட்டு இருந்ததா இல்லையா என்பதை அம்மன்று ஆராயவே இல்லை என்பதாகும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்த நடைமுறையின் வழியே குற்றஞ்சாட்டப்பட்டது என்ற ஒரு கேள்வி போதுமானதாயிற்று. இலங்கையின் 1902ஆம் ஆண்டுப் புகையிரதக் கட்டளைச் சட்டமும் அதே ஆட்சியாளர் விட்டுச்சென்றதே. ஆயினும் பதுளையில் நிற்பவன் தன்மீதுள்ள குற்றச்சாட்டு எப்பிரிவுக்குரியது என்று கேட்டதாகக் கதையில்கூடக் கேட்பதரிது.

ஜெர்மனியில் கட்டணமின்றிப் பயணஞ் செய்தலைக் குற்றமாக்கிய பிரிவு நாசிகளின் ஆட்சியில், 1935இல், தண்டனைக் கோவையிற் சேர்க்கப்பட்டது. தண்டம் செலுத்த இயலாது சிறை சென்றோரைப் பணங்கட்டி மீட்பதற்கென்றே 2021இல் அங்கு ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல், விபத்து நட்டஈட்டு வழக்கொன்றில், உடலருகே சீட்டுக் காணப்படாமை ஒன்றே இறந்தவர் மெய்யான பயணியல்லர் என்பதற்குச் சான்றாகாது என்று தீர்த்தது. இறந்தவர்க்குப் பொருந்தும் நியாயம் உயிரோடு நிற்பவர்க்குப் பொருந்தாதா?

இலங்கையிலும் சட்டம் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி சிங்களமாயிருக்கும் இடத்திலும், தமிழில் வழக்காடவும் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமை தருகின்றது. குற்றச்சாட்டை விளங்காது தலையசைப்பது குற்றத்தை ஏற்றலாகக் கொள்ளப்படலாகாது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, சட்டத்தரணியை அமர்த்த வசதியற்றோருக்காகவே உண்டாக்கப்பட்டது. தண்டத்தைக் கட்ட இயலாவிடின் தவணை கேட்கலாம். கேளாதவர் போகுமிடம் சிறை. தண்டம் கட்டாமைக்காக மட்டுமே சிறை சென்றவர்கள், தண்டனை பெற்ற கைதிகளுட் பெரும்பகுதியினர் என்பது சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் ஆண்டுதோறும் காட்டிவந்த உண்மை.

இவ்வுரிமைகளை யார் போய்ச் சொல்வது? தோட்டப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர் மலையக இலக்கியம் பற்றிக் கருத்தரங்கு நடாத்துகின்றனர். விழா மலர் வெளியிடுகின்றனர். அதே மலருக்குச் செலவாகும் தாளில் ஒரு பக்கம் போதும்: குற்றச்சாட்டின் பிரிவைக் கேள், மொழிபெயர்ப்பாளரைக் கேள், விளங்கும்வரை 'குற்றவாளி' என்று சொல்லாதே, தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அதனைப் பண்டாரவளை முதற் பதுளை வரையுள்ள நிலையங்களில், பயணச்சீட்டு யன்னலுக்கருகே, தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவிட்டு வரலாம். நிலைய அதிபர் மறுத்தால், மறுப்பை எழுத்தில் தருமாறு கேட்கட்டும்.