சிரிப்போடு நின்றுவிடக் கூடாத தலைப்பு

1948-இல் அமெரிக்க அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்ததும், நவம்பர் 3-ஆம் தேதியிட்ட ‘சிகாகோ டெய்லி டிரிபியூன்’ நாளிதழ், ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அறிவித்தது. வென்றவரோ ட்ரூமன்: அவருக்கு 303 தேர்வாளர் வாக்குகள், டூயிக்கு 189. செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்த இதழை உயர்த்திப் பிடித்து ட்ரூமன் சிரிக்கும் படத்தைக் காட்டி இன்றுவரை கேலி தொடர்கிறது. ஆனால், அந்தத் தலைப்பு முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. அச்சுக்கோப்பவர்களின் வேலைநிறுத்தத்தால், பத்திரிகை வழக்கத்தைவிட முன்னதாகவே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. முக்கியக் கருத்துக்கணிப்புகள் டூயி பக்கமே நின்றன. கேலப் நிறுவனம் வாக்குப்பதிவுக்குப் பல நாட்கள் முன்பே மக்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டது. பத்திரிகையின் அனுபவம் மிக்க வாஷிங்டன் செய்தியாளரும் டூயியே வெல்வார் என்றார். அவசரமும் ஒருமித்த நம்பிக்கையும் கைகோத்தால் திறமைசாலிகளும் சறுக்குவார்கள்.

பழைய தவறைப் பார்த்துச் சிரித்தால் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமில்லை. நாம் அப்படி ஏமாற மாட்டோம் என்ற நினைப்பு அந்தச் சிரிப்போடு ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் ஆபத்து. அச்சு நேரம் நெருக்கும்போது வேறு வழியில்லை என்றும் வாதிடலாம். வழி இருந்தது: ‘வாக்கு எண்ணிக்கை நீடிக்கிறது’ என்று எழுதியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். இன்று செய்தியை நொடியில் திருத்த முடிகிறது. ஆனாலும் முதல் சுற்று முடியும் முன்பே வெற்றியாளரை அறிவிக்கத் துடிக்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவே பத்திரிகையின் மதிப்பைக் காக்கும்.