பொக்கெட்டுக்குள்ள போகாத கமரா



இந்த வார எபிசோட்டில நேரம் போதாமல் விட்ட கேள்வி இது: ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 சிக்ஸ் வாங்கிறதா, ரிக்கோ ஜிஆர் 3 வாங்கிறதா? என்ர முடிவை முதலே சொல்லிடுறன். உங்களில கனபேருக்கு ரிக்கோ போதும்.

ரெண்டும் ஒரே வகைக் கமராதான். ஏபிஎஸ்-சி சென்சர், கழட்ட ஏலாத ஒரே லென்ஸ், ஸூம் இல்லை. ஃபூஜி 2024இல் வந்தது: 40 மெகாபிக்சல், எஃப்2 லென்ஸ், வியூஃபைண்டர், ஃபிளாஷ். அறிமுக விலை சுமார் 1,600 அமெரிக்க டொலர். ரிக்கோ 2019இல் வந்தது: 24 மெகாபிக்சல், எஃப்2.8 லென்ஸ். வியூஃபைண்டரும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. அறிமுக விலை சுமார் 900 டொலர்.

பட்டியலைப் பார்த்தா ஃபூஜிதான் வெல்லும். ஆனா ஒவ்வொண்டாப் பாருங்கோ. ஏ4 அளவில நல்ல தெளிவாப் பிரிண்ட் போட கிட்டத்தட்ட 9 மெகாபிக்சல் காணும். ஏ3க்கும் 18 காணும். அப்ப 24 தாராளம். 40 இருந்தா படத்தை வெட்டி எடுக்க வசதி, அவ்வளவுதான்.

வெளிச்சம் வேற கதை. எஃப்2 லென்ஸ் எஃப்2.8ஐ விட ரெண்டு மடங்கு வெளிச்சம் உள்ள விடும். ரெண்டு கமராவிலயும் கை ஆட்டத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் இருக்கு. ஆனா ஓடுற பிள்ளையை அது நிறுத்தாது. அதுக்கு வெளிச்சம்தான் வேணும். இங்க ஃபூஜிக்கு முழு மார்க்ஸ்.

பிறகேன் ரிக்கோ? எடை. ஃபூஜி 521 கிராம், ரிக்கோ 257 கிராம். நண்பர் ஒருத்தரிட்ட ஃபூஜியை ரெண்டு கிழமை வாங்கிப் பாவிச்சன். அருமையான கமரா. ஆனா ஜக்கெட் பொக்கெட்டுக்குள்ள போகேல்லை, பாக் வேணும். அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போகேக்க யார் கமரா பாக் கொண்டுபோறது?

என்ர அப்பம்மா இப்ப இல்லை. அவவின்ர படங்கள் எங்களிட்ட நிறைய இருக்கு. எல்லாம் கலியாண ஹோலில, பட்டுச் சேலையோட, வரிசையில நிண்டு எடுத்தது. எனக்குத் தெரிஞ்ச அப்பம்மா குசினியில இடியப்பம் புழிஞ்சுகொண்டு எங்களுக்குப் பேச்சு விடுறவ. அந்த அப்பம்மாவின்ர படம் ஒண்டே ஒண்டுதான் இருக்கு. பழைய ஃபோனில எடுத்தது, கை ஆடி, முகம் மங்கிப் போச்சு. அப்ப என்னட்ட நல்ல பெரிய கமரா இருந்தது. அலுமாரிக்குள்ள.

ரிக்கோவை ஒரு கையால எடுத்து, ஒரு செக்கனுக்குள்ள ஓன் பண்ணிப் படம் எடுக்கலாம். ஸ்னாப் ஃபோகஸை ஒன்றரை மீற்றரில வைச்சா, ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்காது. குறையும் இருக்கு: ஒரு சார்ஜில 200 படம் அளவுதான். ரெண்டாவது பற்றரி கட்டாயம்.

இரவு பார்ட்டிப் படம்தான் கூட எடுப்பீங்கள், வியூஃபைண்டர் இல்லாமல் ஏலாது எண்டா ஃபூஜி வாங்குங்கோ. ஆனா தட்டுப்பாடு எண்டு சொல்லி ஆரும் கூட்டி விக்கிற விலைக்கு வாங்காதேங்கோ. தங்கச்சியின்ர அரங்கேற்றத்துக்கு எண்டா ரெண்டுமே வேண்டாம். சபையில இருந்து எடுத்தா ஆள் பெருவிரல் அளவுதான் தெரிவா. அதுக்கு லென்ஸ் மாத்தக்கூடிய கமரா வேணும்.

இன்னும் குழப்பமா? அரை லீற்றர் தண்ணிப் போத்தல் ஒண்டை நிரப்பி ஒரு கிழமை போற இடமெல்லாம் கொண்டு திரியுங்கோ. ஃபூஜியின்ர எடை கிட்டத்தட்ட அதுதான். மூண்டாம் நாளே அதை வீட்டில விட்டிட்டுப் போனீங்கள் எண்டா, ரிக்கோவை வாங்குங்கோ. மிச்சக் காசில வருஷத்துக்கு ஒரு ஆல்பம் பிரிண்ட் போடுங்கோ. முதல் பக்கத்தில குசினிப் படம் இருக்கட்டும்.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம்.