இரவற் கலையில் சொந்தக் குரல்

பிறர் வளர்த்த கலையைக் கற்கப் புகுவோர் முன் இரு வழிகள் உண்டு. ஆசானின் நடையை அப்படியே அடியொற்றுதல் ஒன்று. கற்ற நடையிலே தம் உள்ளத்தைப் பேசவைத்தல் மற்றொன்று. முன்னது எளிது, பின்னது அரிது. அவ்வரிய வழியிற் சென்ற சுவீடன் நாட்டு ஜாஸ் இசைஞர் லார்ஸ் குலினை இவ்வாரம் வாசகர்க்கு அறிமுகஞ் செய்கின்றோம்.

பால்ற்றிக் கடலிலுள்ள கொட்லாந்து தீவிலே 1928 ஆம் ஆண்டு பிறந்தவர் குலின். சிறுவயதில் அக்கோடியன் பழகினார். 13 ஆம் வயதில் இராணுவ வாத்தியக் குழுவிற் சேர்ந்து கிளாரினெற் ஊதினார். 1947 இல் தலைநகர் ஸ்ரொக்ஹோம் சென்றபோது, மேனாட்டுச் சாஸ்திரீய இசையிலே பியானோக் கலைஞராதலே அவர் நோக்கமாயிருந்தது. 1949 இல் ஒரு குழுவிலே பரிற்றோன் சக்ஸபோன் வாசிக்கும் இடம் எதிர்பாராது கிடைத்தது. அதுவே அவர் வாழ்வைத் திருப்பிற்று.

பரிற்றோன், உருவிற் பெரியது, ஒலியிற் கனத்தது. அடியில் நின்று பிறர் இசையைத் தாங்குவதே பெரும்பாலும் அதற்கு இடப்பட்ட பணி. குலினோ அதனை மென்மையாக, நீண்ட மூச்சிலே பாடவைத்தார். ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஈன்ற கலை. அதன் தாளத்தையும் கற்பனைச் சுதந்திரத்தையும் அவர் நன்கு கற்றார். ஆயினும் அவர் இயற்றிய மெட்டுக்களிலே சுவீடன் நாட்டுப்பாடல்களின் ஏக்கம் இழையோடுகின்றது. ‘டனியின் கனவு’ என்னும் உருப்படியைக் கேட்போர் இதனை உணர்வர்.

1953 இல் கிளிஃபர்ட் பிறவுண், ஆர்ட் ஃபாமர் என்னும் அமெரிக்க இசைஞர் ஸ்ரொக்ஹோம் வந்தபோது, அவர்களோடு இசைத்தட்டிலே வாசித்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் ‘டவுன் பீற்’ சஞ்சிகையின் விமர்சகர்கள், பரிற்றோன் பிரிவிலே அவரைப் புதிய தாரகையாகத் தெரிந்தெடுத்தனர். அமெரிக்கர் கோலோச்சிய துறையிலே, சுவீடனில் இருந்தவாறே பெற்ற மதிப்பு இது.

ஆனால், போதைப்பொருட் பழக்கம் அவரது பல்லாண்டுகளைத் தின்றது. 1976 மே மாதத்தில், 48 ஆம் வயதில் மறைந்தார். போதையே கலையின் ஊற்று என்று இளைஞரிடம் பேசுவோர் உளர். குலினின் வரலாறு அதனை மறுக்கின்றது. அவர் இசைக்கு அடித்தளம் இளமை முதற் பல வாத்தியங்களிற் பெற்ற பயிற்சியே. போதை தந்தது இடையிடையே மௌனம் மட்டுமே.

அவர் மெட்டுக்கள் சுவீடன் மேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன. மாணவர்கள் அவரிடம் கொள்ளவேண்டியதுமுண்டு, தள்ளவேண்டியதுமுண்டு. இரண்டையும் பிரித்தறிதல் அவர்தம் கடனாகும்.